பொலிவியாவில் சுற்றுலா

பொலிவியா தென் அமெரிக்காவின் நடுப்பகுதியில் கடற்கரை இன்றி அமைந்துள்ள ஒரு நாடு ஆகும். பனி மூடிய அண்டீஸ் மலைகள், உப்புச் சமவெளிகள், உயரத்தில் அமைந்த ஏரிகள், அமேசான் மழைக்காடு ஆகியவற்றைக் காணவும், ஐமாரா, கெச்சுவா முதலிய பழங்குடி மக்களின் பண்பாட்டை அறியவும் பயணிகள் இந்நாட்டிற்கு வருகின்றனர். இங்குள்ள பெயர்பெற்ற இடங்களுள் பல, காட்சிக்கென ஒதுக்கி வைக்கப்பட்டவை அல்ல. அவை மக்கள் இன்றும் உப்பு வெட்டியும், வெள்ளீயமும் வெள்ளியும் தோண்டியும், மீன் பிடித்தும், பயிர் செய்தும் வாழ்கின்ற இடங்கள். அவற்றுள் ஒரு பனியாறும் ஒரு பெரிய ஏரியும் அண்மைக் காலத்தில் மறைந்துவிட்டன.

நில அமைப்பு

பொலிவியாவின் பரப்பளவு 10,98,581 சதுர கிலோமீட்டர் ஆகும். இதன் மேற்குப் பகுதியில் அண்டீஸ் மலைத்தொடர் இரு கிளைகளாகப் பிரிந்து செல்கின்றது. இவ்விரு கிளைகளுக்கும் இடையே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில், மரங்கள் அரிதான அகன்ற மேட்டுச் சமவெளி ஒன்று உள்ளது. இது ஆல்டிபிளானோ எனப்படும். மேற்குக் கிளையில் உள்ள சகாமா எரிமலை (6,542 மீ) நாட்டின் மிக உயர்ந்த சிகரம் ஆகும். கிழக்குக் கிளையில் இயிமானி, இயம்பு, உவைனா பொட்டோசி ஆகிய சிகரங்கள் 6,000 மீட்டரைத் தாண்டி நிற்கின்றன.

கிழக்குக் கிளையைக் கடந்ததும் நிலம் சடுதியாகச் சரிந்து, ஈரமும் முகிலும் நிறைந்த பள்ளத்தாக்குகள் வழியாக அமேசான் தாழ்நிலத்தை அடைகின்றது. பொலிவியாவை மலைநாடு என்று சொல்வது வழக்கமாயினும், அதன் நிலப்பரப்பில் பாதிக்கும் மேற்பட்டது தாழ்நிலமே என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே நாளில் 4,600 மீட்டர் உயரத்துப் பனிக்காற்றிலிருந்து வாழைத்தோட்டங்களுக்கு இறங்கிவிட முடிவது இந்த அமைப்பினாலேயே.

உயரமும் உடல்நலமும்

பொலிவியாவுக்குச் செல்பவர் முதலில் அறியவேண்டியது உயரத்தைப் பற்றியே. அரசின் இருப்பிடமான லா பாஸ் நகரம் ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்கு மேலே விளிம்பில் அமைந்துள்ள எல் ஆல்ட்டோ நகரின் பன்னாட்டு வானூர்தி நிலையம் 4,061 மீட்டர் உயரத்தில் உள்ளது. தாழ்நில நகரான சாந்தா குரூசிலிருந்து (ஏறத்தாழ 400 மீ) வானூர்தியில் புறப்படுபவர் ஒரு மணி நேரத்தில் மூன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்துவிடுகின்றார். உடல் அவ்வளவு விரைவில் பழகுவதில்லை.

லா பாசின் காற்றிலும் ஆக்சிசனின் விகிதம் கடற்கரையில் உள்ளதைப் போன்றதே. ஆனால் காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிசன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்களவே. இதனால் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை, சில படிகள் ஏறினாலே மூச்சிரைத்தல் ஆகியவை ஏற்படும். இதனை உள்ளூர் மக்கள் சொரோச்சே என்பர். பெரும்பாலானோருக்கு இரண்டு மூன்று நாட்களில் இது தணிந்துவிடும். ஓய்வாக இருக்கும்போதும் மூச்சுத்திணறல், நுரையுடன் இருமல், நடை தள்ளாடுதல், மனக்குழப்பம் ஆகியவை தோன்றினால் அது நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்தலின் அறிகுறியாக இருக்கலாம். அந்நிலையில் உடனே கீழே இறங்குவதே முதன்மையான சிகிச்சை. காத்திருப்பது உயிருக்கு ஆபத்தாகும்.

மருத்துவர்கள் பொதுவாகக் கூறும் விதி எளியது: 3,000 மீட்டருக்கு மேல், இரவு உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. பொலிவியாவில் நேரே எல் ஆல்ட்டோவில் இறங்குபவருக்கு இவ்விதி முதல் நாளே உடைந்துவிடுகின்றது. ஆகவே கொச்சபம்பா (ஏறத்தாழ 2,550 மீ), சுக்ரே (ஏறத்தாழ 2,800 மீ) ஆகிய நகரங்களில் சில நாட்கள் தங்கிப் பின்னர் மேலேறுவது நல்ல ஏற்பாடு. மருத்துவரின் ஆலோசனையுடன் அசெட்டசோலமைடு மாத்திரை உட்கொள்வோரும் உளர். இதயம், நுரையீரல் தொடர்பான நோயுள்ளோர் பயணத்திற்கு முன்பே மருத்துவரைக் காண்பது இன்றியமையாதது.

உயரம் விளையாட்டிலும் சிக்கலை ஏற்படுத்தியது. 2007 இல் பன்னாட்டுக் காற்பந்துக் கூட்டமைப்பு 2,500 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் பன்னாட்டுப் போட்டிகள் நடத்துவதற்குத் தடை விதித்தது. பொலிவியாவின் கடும் எதிர்ப்பை அடுத்து 2008 இல் அத்தடை நிறுத்தி வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, மரடோனா பயிற்றுவித்த அர்கெந்தீனா அணி லா பாசில் 6-1 என்ற கணக்கில் தோற்றது.

லா பாஸ், எல் ஆல்ட்டோ

லா பாஸ் 1548 இல் எசுப்பானியரால் நிறுவப்பட்டது. பொலிவியாவின் அரசியலமைப்பின்படி தலைநகரம் சுக்ரே ஆகும். எனினும் குடியரசுத் தலைவர் அலுவலகமும் நாடாளுமன்றமும் லா பாசில் இயங்குகின்றன. நகரம் ஒரு பெரிய கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. பல நகரங்களில் செல்வந்தர்கள் மேடான பகுதிகளில் வாழ்வர். இங்கு நிலைமை தலைகீழானது. குளிர் குறைவாகவும் காற்று அடர்த்தியாகவும் உள்ள தெற்குத் தாழ்பகுதியில் வசதி படைத்தோரும், விளிம்பிலுள்ள எல் ஆல்ட்டோவில் ஆல்டிபிளானோவின் சிற்றூர்களிலிருந்து குடிபெயர்ந்த ஐமாரா மக்களும் வாழ்கின்றனர்.

இவ்விரு நகரங்களையும் 2014 முதல் கம்பிவட ஊர்திகள் இணைக்கின்றன. மி தெலெஃபெரிக்கோ எனப்படும் இவ்வமைப்பு பத்துத் தடங்களுடன் 30 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு, நகரப் போக்குவரத்துக்கான கம்பிவட அமைப்புகளுள் உலகிலேயே மிக நீளமானதாக உள்ளது. பயணிகளுக்கு இது நகரைக் காணும் மலிவான வழி. ஆனால் இது சுற்றுலாவுக்காகக் கட்டப்பட்டதன்று. வேலைக்கும் பள்ளிக்கும் செல்வோர் நாள்தோறும் ஏறும் ஊர்தி. ஊர்தியிலிருந்து பார்க்கும்போது எல் ஆல்ட்டோவின் செங்கல் வீடுகளுக்கு இடையே, திவானாக்கு சிற்பங்களின் கோணங்களையும் பழங்குடித் துணிகளின் நிறங்களையும் முகப்பில் கொண்ட பல மாடிக் கட்டடங்கள் தென்படும். இவற்றுள் பலவற்றை வடிவமைத்தவர் ஃபிரெடி மாமானி என்னும் ஐமாராக் கட்டடக் கலைஞர்.

அகன்ற பாவாடையும் உருண்டை வடிவத் தொப்பியும் அணிந்த ஐமாராப் பெண்களை நகரெங்கும் காணலாம். இவ்வுடை நீண்ட காலம் இழிவாகக் கருதப்பட்டு, அதை அணிந்தோர் உணவகங்களிலும் பொது இடங்களிலும் ஒதுக்கப்பட்டனர். இன்று அது பெருமையின் அடையாளமாகியுள்ளது. மலையேறுவோருக்குச் சமையல் செய்தும் சுமை தூக்கியும் வந்த ஐமாராப் பெண்கள் சிலர், 2015 முதல் அதே பாவாடையுடன் தாமே சிகரங்களில் ஏறத் தொடங்கினர். 2019 இல் அவர்கள் அர்கெந்தீனாவிலுள்ள அக்கொன்காகுவா சிகரத்தை அடைந்தனர்.

ஆண்டுதோறும் சனவரி 24 அன்று லா பாசில் அலசித்தா விழா தொடங்குகின்றது. வீடு, வண்டி, அரிசி மூட்டை, பட்டச் சான்றிதழ் என எதை விரும்புகின்றனரோ அதன் சிற்றுருவை மக்கள் நண்பகலில் வாங்கி, வளத்தின் தெய்வமான எக்கெக்கோவின் அருளை வேண்டுவர். இவ்விழா தொடர்பான சடங்குகளை யுனெஸ்கோ 2017 இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நகரின் பழைய பகுதியில் உள்ள சந்தையில் மூலிகைகளுடன் உலர்ந்த லாமாக் கருக்களும் விற்கப்படுவதைக் கண்டு பயணிகள் திகைப்பதுண்டு. புதுவீட்டின் அடித்தளத்தில் நிலத்தாயான பச்சமாமாவுக்குக் காணிக்கையாகப் புதைப்பதற்கே அவை வாங்கப்படுகின்றன.

சக்கல்தாயா

லா பாசுக்கு அருகிலுள்ள சக்கல்தாயா மலையில், 5,300 மீட்டர் உயரத்தில், ஒரு பனியாறு இருந்தது. அதன் மேல் அமைந்திருந்த பனிச்சறுக்குத் தளம் உலகிலேயே மிக உயரமானது என்று பெயர் பெற்றிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விரைவாகச் சுருங்கிய இப்பனியாறு 2009 இல் முற்றிலும் மறைந்தது. சறுக்குக் கழகத்தின் வெறுமையான கட்டடத்தையும் கற்சரிவையும் மட்டுமே இப்போது அங்கு காணலாம். பனியாறுகள் உருகுவது லா பாஸ், எல் ஆல்ட்டோ மக்களின் குடிநீருடன் நேரடித் தொடர்புடையது. உலர்காலத்தில் அந்நகரங்களுக்குக் கிடைக்கும் நீரில் ஒரு பகுதி மலைப்பனியிலிருந்து வருவதே.

இம்மலைக்கு இயற்பியல் வரலாற்றிலும் இடமுண்டு. 1947 இல் பிரேசில் நாட்டு இயற்பியலாளர் சேசார் லாட்டெசு இங்கு வைத்த ஒளிப்படத் தகடுகளில் பதிந்த அண்டக்கதிர்த் தடங்கள், பையான் என்னும் துகளின் கண்டுபிடிப்பை உறுதிப்படுத்த உதவின.

டிட்டிகாக்கா ஏரியும் திவானாக்குவும்

பெரு, பொலிவியா ஆகிய இரு நாடுகளும் பகிர்ந்துகொள்ளும் டிட்டிகாக்கா ஏரி 3,812 மீட்டர் உயரத்தில் உள்ளது. பரப்பளவு 8,300 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஏரிக்கரையில் வளரும் தொத்தோரா எனப்படும் கோரையைக் கொண்டு மக்கள் படகு கட்டுகின்றனர், கூரை வேய்கின்றனர், அதன் வெண்மையான அடித்தண்டை உண்கின்றனர். லா பாசிலிருந்து ஏரிக்கரை ஊரான கொப்பக்கபானாவுக்குச் செல்லும் வழியில் திக்கீனா நீரிணையைக் கடக்கவேண்டும். பேருந்துகள் பலகைத் தெப்பங்களில் ஏற்றிக் கடத்தப்பட, பயணிகள் தனிப் படகில் செல்வர். இங்குதான் கடலற்ற நாட்டின் கடற்படைத் தளமும் உள்ளது. 1879 இல் தொடங்கிய பசிபிக் போரில் தன் கடற்கரையைச் சிலியிடம் இழந்த பொலிவியா, ஒவ்வோராண்டும் மார்ச் 23 ஐக் கடல் நாளாக நினைவுகூர்கின்றது.

கொப்பக்கபானாவில் உள்ள கன்னி மரியாள் சிலை, 1583 இல் பிரான்சிசுகோ தீத்தோ யுப்பாங்கி என்னும் உள்ளூர்ச் சிற்பி செதுக்கியதாகும். பிரேசிலில் இரியோ நகரின் புகழ்பெற்ற கடற்கரைக்கு இவ்வூரின் பெயரே வைக்கப்பட்டது. தேவாலயத்தின் முன் புதிய வாகனங்களைப் பூக்களால் அலங்கரித்து வரிசையில் நிறுத்துவதும், பாதிரியார் அவற்றின் மேல் புனித நீர் தெளிப்பதும் இங்கு வாடிக்கையான காட்சி.

அருகிலுள்ள சூரியத் தீவு, இன்கா மரபில் சூரியனும் முதல் இன்காவும் தோன்றிய இடமாகக் கருதப்படுகின்றது. தீவில் வண்டிச் சாலைகள் இல்லை. 2017 இல் சுற்றுலா தொடர்பாக இங்குள்ள சமூகங்களிடையே பிணக்கு மூண்டு, தீவின் வடபகுதி நீண்ட காலம் பயணிகளுக்கு மூடப்பட்டிருந்தது. சில நூறு குடும்பங்கள் வாழும் இடத்திற்குப் பெருந்தொகையானோர் வரும்போது வருமானத்தை யார் பெறுவது என்பது சிறிய கேள்வி அன்று. ஏரியின் நீர்மட்டமும் 2023 இல் வறட்சியால் மிகவும் தாழ்ந்தது.

ஏரிக்குத் தெற்கே, லா பாசிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், திவானாக்கு இடிபாடுகள் உள்ளன. இன்காக்களுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட இந்நகரம் கி.பி. 500 க்கும் 1000 க்கும் இடையில் சிறந்து விளங்கியது. ஒரே கல்லில் செதுக்கப்பட்ட சூரிய வாயில், கலசசாயா முற்றம், அக்கப்பானா மேடை, துல்லியமாக வெட்டிய கற்களுக்குப் பெயர்பெற்ற பூமாபுங்கு ஆகியவை இங்கு காணத்தக்கவை. வயல்களை மேடாக்கி இடையே வாய்க்கால் வெட்டி, பகலில் நீர் ஈர்த்த வெப்பத்தால் இரவு உறைபனியிலிருந்து பயிரைக் காத்த வேளாண் முறை இப்பகுதியின் சிறப்பு. 1932 இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட 7 மீட்டருக்கு மேல் உயரமான கற்சிலை ஒன்று லா பாசுக்குக் கொண்டு செல்லப்பட்டு, வாகனப் புகையில் பல பத்தாண்டுகள் நின்று, 2002 இல்தான் திவானாக்குவுக்குத் திரும்பியது. யுனெஸ்கோ இவ்விடத்தை 2000 இல் உலக மரபுரிமைக் களமாக அறிவித்தது. சூன் 21 விடியலில் ஐமாராப் புத்தாண்டைக் கொண்டாட ஆயிரக்கணக்கானோர் இங்கு கூடி, எழும் கதிரவனை நோக்கிக் கைகளை உயர்த்தி நிற்பர்.

ஒருரோ திருவிழாவும் போப்போ ஏரியும்

சுரங்க நகரான ஒருரோவில் தவக்காலத்திற்கு முன் நடைபெறும் திருவிழா நாட்டின் மிகப் பெரிய விழாவாகும். ஏறத்தாழ 28,000 நடனக் கலைஞர்களும் 10,000 இசைக் கலைஞர்களும் நான்கு கிலோமீட்டர் நீள ஊர்வலமாக, இருபது மணி நேரம் வரை ஆடிச் செல்வர். ஊர்வலம் சுரங்கக் கன்னியின் தேவாலயத்தில் முடியும். ஆடுவோரில் பலர் இதனை அன்னைக்குச் செய்யும் நேர்த்தியாகவே கருதுகின்றனர். தேவாலயத்தை நோக்கிச் செல்லும் ஊர்வலத்தில் கொம்புள்ள முகமூடியுடன் சாத்தான்கள் ஆடிவரும் தியாப்லாதா நடனம் இவ்விழாவின் அடையாளம். சுரங்கத்துக்குள் வாழ்வதாக நம்பப்படும் பழந்தெய்வமும் கிறித்தவச் சாத்தானும் ஒன்றாகக் கலந்ததன் விளைவு இது. மொரெனாதா என்னும் மற்றொரு நடனம் ஆப்பிரிக்க அடிமைகளின் துயரத்தை நினைவுபடுத்துவதாகக் கூறப்படுகின்றது. யுனெஸ்கோ 2001 இல் இவ்விழாவைச் சிறந்த மரபாக அறிவித்தது.

ஒருரோவுக்குத் தெற்கே நாட்டின் இரண்டாவது பெரிய ஏரியாக இருந்த போப்போ, 2015 இல் முற்றிலும் வற்றியது. வெப்பமும் வறட்சியும் மட்டுமன்றி, பாசனத்துக்காக ஆற்றுநீர் திருப்பப்பட்டதும், சுரங்கக் கழிவு வண்டலும் இதற்குக் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. இவ்வேரியில் மீன் பிடித்தும் பறவை வேட்டையாடியும் வாழ்ந்த ஊரு இன மக்கள் தொழிலை இழந்து, உப்பளங்களுக்கும் சுரங்கங்களுக்கும் கூலி வேலைக்குச் சென்றனர். பழைய வரைபடங்களில் இன்றும் நீல நிறத்தில் காணப்படும் ஏரி இது.

உயூனி உப்புச் சமவெளி

உயூனி உலகின் மிகப் பெரிய உப்புச் சமவெளி ஆகும். 3,656 மீட்டர் உயரத்தில் 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்துள்ளது. பழங்கால ஏரிகள் வற்றியதால் உருவான இதன் மேற்பரப்பு மிகவும் சமமானது. இவ்வளவு பெரிய பரப்பில் மேடுபள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுகின்றது. இதனால் செயற்கைக்கோள்களின் உயர அளவிகளைச் சரிபார்க்க அறிவியலாளர் இதனைப் பயன்படுத்துகின்றனர். உலர்காலத்தில் தரை வெள்ளை அறுகோணங்களாகப் பிளந்து காணப்படும். மழைக்காலத்தில், பெரும்பாலும் சனவரி முதல் மார்ச் வரை, மெல்லிய நீர்ப்படலம் தேங்கி வானத்தை அப்படியே பிரதிபலிக்கும். ஒரே பயணத்தில் இரண்டையும் காண்பது அரிது. தண்ணீர் மிகுந்தால் நடுவிலுள்ள இன்காவாசித் தீவுக்கு வண்டிகள் செல்ல இயலாது. ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும் பேருருக் கள்ளிகள் நிறைந்த பாறைத்திட்டு அது.

வடகரையில் துனூப்பா எரிமலை உள்ளது. பாலூட்டிக்கொண்டே அழுத துனூப்பா என்னும் மலைப்பெண்ணின் பாலும் கண்ணீரும் கலந்து இவ்வுப்பு உண்டானது என்பது ஐமாரா மரபுக்கதை. கிழக்குக் கரையிலுள்ள கொல்ச்சானி ஊரில் மக்கள் உப்பைச் சுரண்டிச் சிறு குவியல்களாக உலரவிட்டு, அடுப்பில் காய்ச்சி, பொட்டலமிட்டு விற்கின்றனர். உப்புக் கட்டிகளாலேயே கட்டப்பட்ட விடுதிகளும் உண்டு. மேலோட்டின் அடியிலுள்ள உவர்நீரில் உலகின் மிகப் பெரிய லித்தியம் இருப்புகளுள் ஒன்று கரைந்துள்ளது. மின்கலங்களுக்குத் தேவையான இத்தனிமத்தை எடுக்க அரசு தொழிற்கூடங்கள் அமைத்து வருகின்றது. நீர் அரிதான இப்பகுதியில் அதற்கு எவ்வளவு நன்னீர் செலவாகும் என்பதே சுற்றுவட்டாரக் கினோவா உழவர்களின் முதன்மையான கவலை.

உயூனி நகரின் புறத்தே, பசிபிக் துறைமுகமான அந்தோபகாஸ்தாவுக்குக் கனிமம் ஏற்றிச் சென்ற பழைய நீராவித் தொடர்வண்டிகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன.

சமவெளிக்குத் தெற்கே, சிலி எல்லையை ஒட்டி, 1973 இல் அமைக்கப்பட்ட எதுவார்தோ அபரோவா தேசியக் காப்பகம் உள்ளது. பாசிகளாலும் கனிமங்களாலும் சிவந்து தோன்றும் செவ்வேரியில் ஆண்டீசுப் பூநாரை, சிலிப் பூநாரை, சேம்சுப் பூநாரை ஆகிய மூன்று இனங்களும் ஒருசேர உள்ளன. இவற்றுள் சேம்சுப் பூநாரை அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு, 1950களில் மீண்டும் கண்டறியப்பட்டதாகும். ஏறத்தாழ 4,850 மீட்டர் உயரத்திலுள்ள சோல் தே மன்யானா வெப்பப்புலத்தில் சேறு கொதித்து ஆவி எழுகின்றது. அங்கு தடுப்புவேலி ஏதுமில்லை. தரை மேலோடு மெல்லியது என்பதால் வழிகாட்டியின் பின்னே நடப்பதே பாதுகாப்பு. சூன், சூலை இரவுகளில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 15 பாகைக்கும் தாழ்வதுண்டு.

பொட்டோசி

சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் உள்ள பொட்டோசி நகரின் மேல் கூம்பு வடிவில் நிற்பது செர்ரோ ரிக்கோ, அதாவது செல்வமலை. 1545 இல் இங்கு வெள்ளி கண்டறியப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 1,50,000 க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த இந்நகரம் அமெரிக்கக் கண்டங்களின் மிகப் பெரிய நகரங்களுள் ஒன்றாக இருந்தது. இங்கிருந்து சென்ற வெள்ளி ஐரோப்பாவைக் கடந்து சீனாவையும் இந்தியாவையும் அடைந்தது; முகலாயரின் நாணயச்சாலைகளில் வார்க்கப்பட்ட உரூபாய்களில் எசுப்பானிய அமெரிக்க வெள்ளியும் இருந்தது.

1570களில் ஆளுநர் பிரான்சிசுகோ தே தொலேதோ, மீத்தா என்னும் கட்டாய உழைப்பு முறையை ஏற்படுத்தினார். குறிப்பிட்ட மாவட்டங்களின் வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒருவர் முறைவைத்துச் சுரங்கத்துக்கு வரவேண்டும். இவ்வாறு ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் கொண்டுவரப்பட்டனர். இரும்பு ஏணியும் காற்றோட்டமும் இல்லாத குழிகளிலும், வெள்ளியைப் பிரிக்கப் பயன்பட்ட பாதரசத்தின் நஞ்சாலும் இறந்தோர் பலர். எண்பது இலட்சம் பேர் மாண்டனர் என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. இவ்வெண்ணிக்கைக்கு உறுதியான ஆவணச் சான்று இல்லை. உண்மையை அறிய விரும்புவோர் நாணயச்சாலை அருங்காட்சியகத்தைப் பார்ப்பது நன்று. கோவேறு கழுதைகளும் மனிதரும் சுழற்றிய பெரும் மரப் பற்சக்கரங்கள் அங்கு இன்றும் நிற்கின்றன.

மலை இன்னும் தோண்டப்படுகின்றது. கூட்டுறவுக் குழுக்களாக இயங்கும் சுரங்கத் தொழிலாளர்கள் துத்தநாகம், வெள்ளீயம், எஞ்சிய வெள்ளி ஆகியவற்றைப் பெரும்பாலும் கையாலேயே எடுக்கின்றனர். பயணிகளைச் சுரங்கத்துக்குள் அழைத்துச் செல்லும் ஏற்பாடும் உண்டு. சந்தையில் கொக்கா இலையும் குளிர்பானமும் வாங்கித் தொழிலாளருக்குக் கொடுப்பது வழக்கம். அதே சந்தையில் வெடிமருந்தும் வெளிப்படையாக விற்கப்படுகின்றது. உள்ளே எல் தீயோ எனப்படும் கொம்புள்ள களிமண் உருவத்தின் வாயில் சுருட்டும் மடியில் கொக்கா இலையும் வைத்துத் தொழிலாளர் வணங்குகின்றனர். பாறைத்தூளைச் சுவாசிப்பதால் வரும் சிலிக்கோசிஸ் நோயால் இவர்களுள் பலர் இளமையிலேயே இறக்கின்றனர். இத்தகைய இடத்தைக் காட்சியாகப் பார்ப்பது முறையா என்ற கேள்வி நெடுநாளாக உள்ளது. வழிகாட்டிகளுள் பலர் முன்னாள் தொழிலாளர்கள். தங்கள் நிலையை வெளியுலகம் காணவேண்டும் என்பது அவர்களது வாதம். சரிவு, நச்சுவளி ஆகிய ஆபத்துகள் பயணிகளுக்கும் உண்டு என்பதை மட்டும் மறக்கலாகாது. நூற்றாண்டுகளாகக் குடையப்பட்டதால் மலையின் உச்சி 2011 இல் உள்வாங்கியது. 1987 இல் உலக மரபுரிமைக் களமான பொட்டோசியை, 2014 இல் யுனெஸ்கோ ஆபத்திலுள்ள களங்களின் பட்டியலில் சேர்த்தது.

சுக்ரே

பொட்டோசியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள சுக்ரே, மிதமான காலநிலையும் வெண்சுவர்க் கட்டடங்களும் கொண்ட நகரம். 1825 ஆகத்து 6 அன்று நாட்டின் விடுதலை இங்குதான் அறிவிக்கப்பட்டது. 1624 இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் இன்றும் இயங்குகின்றது. நகருக்கு வெளியே ஒரு சீமெந்துக் கற்சுரங்கத்தில், செங்குத்தாக எழுந்து நிற்கும் சுண்ணப்பாறைச் சுவரில், ஆயிரக்கணக்கான தொன்மாக் காலடித் தடங்கள் வெளிப்பட்டுள்ளன. அவை சுவரில் ஏறியவை அல்ல. பண்டைய நீர்நிலையின் சேற்றுக்கரையில் பதிந்த தடங்கள், பின்னர் புவியோட்டு அசைவால் பாறையுடன் நிமிர்ந்துவிட்டன.

யுங்காசுச் சாலையும் தாழ்நிலமும்

லா பாசிலிருந்து கொரோய்க்கோ செல்லும் பழைய சாலை, சாவுச் சாலை என்று பெயர் பெற்றது. 4,650 மீட்டர் உயரக் கணவாயிலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் வரை இறங்கும் இச்சாலை, சாக்கோப் போரில் (1932–1935) பிடிபட்ட பராகுவே நாட்டுக் கைதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. பல இடங்களில் ஒரு வண்டி செல்லும் அகலமே உண்டு. பக்கத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் பள்ளம். பொலிவியாவில் வாகனங்கள் வலப்பக்கம் செல்வது விதியாயினும், இச்சாலையில் மட்டும் இடப்பக்கம் செல்வர். இடப்புறம் அமர்ந்துள்ள ஓட்டுநர் பள்ளத்தின் விளிம்பில் தன் சக்கரம் எங்குள்ளது என்று நேரே பார்க்க இது வசதி. 2006 இல் மாற்றுச்சாலை திறக்கப்பட்டபின் பழைய சாலை பெரும்பாலும் மிதிவண்டிப் பயணிகளுக்கானதாகிவிட்டது. அவர்களுள்ளும் விழுந்து இறந்தோர் உள்ளனர்.

சாலை சென்றடையும் யுங்காசுப் பகுதியில் காப்பி, பழங்கள், கொக்கா ஆகியவை விளைகின்றன. சுரங்கங்களுக்கும் பண்ணைகளுக்கும் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் இங்கு வாழ்கின்றனர். அவர்களது சாயா இசையும் நடனமும் நாடறிந்தவை.

வடக்கே, 1995 இல் அமைக்கப்பட்ட மடீடி தேசியப் பூங்கா, தாழ்நில மழைக்காட்டிலிருந்து பனிச்சிகரம் வரை ஒரே எல்லைக்குள் அடக்கியுள்ளது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவையினங்கள் இங்கு உள்ளன. இங்கு கண்டறியப்பட்ட ஒரு புதிய குரங்கினத்துக்குப் பெயரிடும் உரிமை 2005 இல் ஏலம் விடப்பட்டது. ஓர் இணையச் சூதாட்ட நிறுவனம் 6,50,000 அமெரிக்க டாலருக்கு அதனை எடுக்க, பணம் பூங்காவின் பாதுகாப்புக்குச் சென்றது. குரங்கின் அறிவியற் பெயரில் அந்நிறுவனத்தின் பெயர் இலத்தீனில் நிலைத்துவிட்டது. நுழைவாயில் ஊர் ரூரெனபாக்கே. அங்கிருந்து படகில் சென்றால், சான் ஒசே தே உச்சுப்பியமோனாசு சமூகத்தினர் தாமே நடத்தும் சலலான் விடுதியை அடையலாம். விளக்கொளியில் முதலைகளைக் காட்டும் வழிகாட்டியும் சமையல் செய்பவரும் அச்சிற்றூரைச் சேர்ந்தவர்களே. ஆறுகளில் தங்கம் எடுப்போர் பயன்படுத்தும் பாதரசமும், பேனி ஆற்றில் திட்டமிடப்பட்ட அணைகளும் இப்பகுதிப் பழங்குடியினரின் எதிர்ப்புக்கு உள்ளாகியுள்ளன.

கிழக்கே சிக்கிட்டோசு பகுதியில், இயேசு சபையினர் 1696 முதல் 1760 வரை நிறுவிய ஊர்களுள் ஆறு, 1990 இல் உலக மரபுரிமைக் களமாயின. செதுக்கிய மரத்தூண்கள் தாங்கும் இத்தேவாலயங்களில் பழங்குடியினர் ஐரோப்பிய இசை பயின்று, வயலின் செய்து, பண் அமைத்தனர். 1767 இல் சபையினர் வெளியேற்றப்பட்ட பின்னரும் ஊர்மக்கள் இசைத்தாள்களைக் காத்துவந்தனர். 1972 முதல் சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் அன்சு ரோத் தேவாலயங்களைச் சீரமைத்தபோது ஆயிரக்கணக்கான பக்கங்கள் கிடைத்தன. 1996 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் இசைவிழாவில் அவை மீண்டும் ஒலிக்கின்றன.

உணவு

மேட்டுநிலத்தின் அடிப்படை உணவு உருளைக்கிழங்கு. சூன் மாத உறைபனி இரவுகளில் கிழங்கைத் திறந்தவெளியில் பரப்பி, பகலில் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் உலர்த்தினால் கிடைக்கும் சுன்யோ பல ஆண்டுகள் கெடாது. காரமும் குழம்பும் நிறைந்த சால்தென்யாவைக் காலை வேளையில் மட்டுமே உண்பர். குழம்பைச் சிந்தாமல் உண்பது ஒரு தனித்திறன். ஊதாச் சோளத்தில் காய்ச்சும் அப்பி குளிருக்கு ஏற்ற பானம். மரக்கறி மட்டும் உண்போருக்குக் கினோவாக் கஞ்சி, கிழங்கு, சோளம், பாற்கட்டி கிடைக்குமாயினும், கஞ்சி பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் காய்ச்சப்படுவதால் கேட்டறிந்து உண்ண வேண்டும். லா பாசின் உயரத்தில் நீர் 88 பாகை அளவிலேயே கொதித்துவிடுவதால், அழுத்தச் சமையற்கலன் இன்றிப் பருப்பு வேக நெடுநேரம் ஆகும்.

பயணக் குறிப்புகள்

மே முதல் அக்டோபர் வரை உலர்காலம். மலையேற்றத்துக்கும் சாலைப் பயணத்துக்கும் ஏற்றது. நவம்பர் முதல் மார்ச் வரை மழையால் மண்சாலைகள் அடைபடும். மக்கள் தம் கோரிக்கைகளுக்காகச் சாலைகளை மறிப்பது இந்நாட்டில் பரவலான போராட்ட முறை. சில நாட்கள் நீடிப்பதும் உண்டு. எனவே வானூர்தி ஏறும் நாளுக்கு முன் ஓரிரு நாட்கள் கைவசம் வைத்திருப்பது நல்லது. நாணயம் பொலிவியானோ. எசுப்பானியத்துடன் 36 பழங்குடி மொழிகளும் 2009 அரசியலமைப்பின்படி அலுவல் மொழிகள். உயரத்தில் வெயிலின் புறஊதாக் கதிர்வீச்சு கடுமையானது. உப்புச் சமவெளியில் கறுப்புக் கண்ணாடி இன்றிச் சிறிது நேரம் நிற்பதும் கண்ணைப் பாதிக்கும்.

கொக்கா இலையை மெல்வதும் தேநீராக்கிக் குடிப்பதும் பொலிவியாவில் சட்டப்படி ஏற்கப்பட்ட மரபு. பன்னாட்டு உடன்படிக்கையிலிருந்து விலகிய பொலிவியா, இம்மரபுக்கு விலக்குப் பெற்று 2013 இல் மீண்டும் அதில் இணைந்தது. ஆயினும் பெரும்பாலான பிற நாடுகளில் இலையும் அதன் தேநீர்ப் பொதியும் தடைசெய்யப்பட்டவை. நினைவுப் பொருளாகக் கொண்டுசெல்வது குற்றமாகும்.

தாழ்நிலப் பகுதிகளில் மஞ்சள் காய்ச்சல் பரவும் இடர் உள்ளது. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் பொலிவியாவை இந்தியா வைத்திருப்பதால், அங்கிருந்து இந்தியா திரும்புவோர் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்டவேண்டும், இல்லாதோர் தனிமைப்படுத்தப்படலாம். ஊசி போட்ட பத்து நாட்களுக்குப் பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் செல்லும்.